உறைந்த செல்லை எழுப்புவது எப்படி

கோலாலம்பூரில் புற்றுநோய் அல்லது வைரஸ் ஆய்வில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அநேகமாக உங்கள் கைக்கு வரும் முதல் வேலை இதுதான்: -196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும் ஒரு சின்னக் குப்பி செல்லை எடுத்து உயிரோடு எழுப்ப வேண்டும்.

முகம் முழுக்க மறைக்கும் கவசத்தை முதலில் போடுங்கள். குப்பிக்குள் நைட்ரஜன் கசிந்திருந்தால், வெளியே வந்ததும் அது ஆவியாகிக் குப்பியே வெடிக்கலாம்.

அப்புறம் எல்லாமே வேகம். உறைய வைக்கும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாகப் போவோம், உருக்கும்போது நேர்மாறு. ஏனென்றால், பனிப்படிகம் செல்லைக் கிழிக்காமல் காக்க, உறைய வைக்கும்போது சேர்க்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவம், உருகியபின் அதே செல்லுக்கு நஞ்சு. 37 டிகிரி தண்ணீரில் குப்பியை ஆட்டிக்கொண்டே இருங்கள், அரிசி அளவு பனி மிஞ்சும்போது எடுத்துவிடுங்கள். மூடி தண்ணீரில் படவே கூடாது. நான் முதல் மாதத்தில் முழுசாக அமுக்கிவிட்டேன், மூன்றாம் நாள் செல் வளர்க்கும் ஃபிளாஸ்க் முழுக்கப் பூஞ்சை நூல். நம் ஊர் ஈரக்காற்றில் அதற்குச் சொல்லவா வேண்டும்!

குப்பியை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, உருகிய செல்லை 9 மில்லி வெதுவெதுப்பான மீடியத்தில் (செல்லுக்கு உணவு தரும் திரவம்) சொட்டுச் சொட்டாக விடுங்கள். சென்ட்ரிஃபியூஜ் இயந்திரத்தில் மெதுவான வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றி, செல் அடியில் தங்கியதும் மேல் திரவத்தை எடுத்துவிட்டு, புது மீடியத்தோடு ஃபிளாஸ்க்கில் போட்டு இன்குபேட்டரில் வையுங்கள். 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டைஆக்சைடு. சரி, மறுநாள் வரை தொடாதீர்கள்.

காலையில் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். ஹீலா செல் என்றால் ஃபிளாஸ்க்கின் அடித்தரையில் ஒட்டிப் படர்ந்திருக்க வேண்டும். உருண்டு மினுங்குவதெல்லாம் செத்ததல்ல, இரண்டாகப் பிரியப் போகும் செல்லும் உருண்டுதான் நிற்கும். இந்த ஹீலா, 1951இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே எடுத்தது. அதற்குள், கருப்பைவாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் எச்பிவி-18 வைரஸின் மரபணு இன்னும் உட்கார்ந்திருக்கிறது: அதன் ஈ6 புரதம் நம் செல்லின் பி53 புரதத்தை அழிக்கிறது, ஈ7 ஆர்பி புரதத்தை முடக்குகிறது, செல்லின் இரண்டு பிரேக்கும் போய்விடுகிறது. தொற்று எப்படிப் புற்றுநோயாகிறது என்பது உங்கள் ஃபிளாஸ்க்கிலேயே இருக்கிறது, அந்த அம்மாவை நினைத்துக் கவனமாகக் கையாளுங்கள்.

சிராப் தண்ணீர் மாதிரிச் சிவப்பாக இருந்த மீடியம் மஞ்சளானால் அமிலம் ஏறிவிட்டது, மாற்றுங்கள். ஒரே இரவில் மஞ்சளாகிக் கலங்கினால் பாக்டீரியா, கொட்டிவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சின்ன பாக்டீரியா மட்டும் இப்படிக் காட்டிக்கொடுக்காது. செல்சுவர் இல்லாததால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, மாதாமாதம் அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்தே ஆக வேண்டும்.

தினமும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1999இல் இதே ஊரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மூளைத் தண்டுவட நீரை வீரோ என்ற குரங்குச் சிறுநீரகச் செல்களில் விட்டபோது, அவை ஒன்றோடொன்று கலந்து பெரிய பெரிய செல்களாகின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தது நிப்பா வைரஸ் என்று தெரியவந்தது அங்கிருந்துதான்.

பார்த்ததை உடனே நோட்டில் எழுதுங்கள்: தேதி, எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்து வளர்த்தது), ஃபிளாஸ்க்கின் தரையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது. 80 சதவீதம் ஆனதும் புது ஃபிளாஸ்க்குகளுக்குப் பிரித்துவிடுங்கள்.