தவறணையில் கற்றது மணிப்பிளான்ட்டுக்கும் பொருந்தும்

எங்கள் வீட்டு ஜன்னலோரம் ஒரு ஜாம் போத்தலில் மணிப்பிளான்ட் இலை ஒன்று எட்டு மாதமாக நின்றது. காம்பின் நுனியில் வெள்ளை வேர் விட்டிருந்தது. இலையும் வாடவில்லை. ஆனால் அடுத்த இலை மட்டும் வரவேயில்லை. தேயிலைத் தோட்டத்துத் தவறணையில், அதாவது நாற்று வளர்க்கும் இடத்தில், பல வருடம் கன்று போட்ட அம்மா ஒருநாள் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கணு எங்கே? வெறும் இலையை வைத்துக்கொண்டு யாராவது கன்று போடுவார்களா?"

மணிப்பிளான்ட் வளர்ப்பவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான். தவறணையில் வெட்டும் தேயிலைத் துண்டில் ஓர் இலையும், அதன் கக்கத்தில் ஒரு மொட்டும், கீழே சிறிது தண்டும் இருக்கும். மொட்டு இல்லாத துண்டைக் கங்காணி வீசிவிடுவார். மணிப்பிளான்ட்டுக்கும் அதே கணக்குதான். கொடியை விரலால் தடவிப் பாருங்கள். இலைக்காம்பு தண்டைத் தழுவும் இடத்தில் மோதிரம் போல ஒரு வரியும், அதை ஒட்டி மிளகளவில் கபில நிற முடிச்சும் இருக்கும். அந்த இடம்தான் கணு. முடிச்சிலிருந்து வேர் வரும், காம்பின் கக்கத்திலிருந்து குருத்து வரும். கணுவுக்கு ஒரு விரல் கீழே வெட்டுங்கள். கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியேயும் இருக்கட்டும். வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்த வேர் மண்ணுக்குப் பழக அடம்பிடிக்கும்.

அடுத்தது காலம். புதுச்சாடி வாங்க நமக்குத் தைப்பொங்கல் ஒரு சாக்கு. ஆனால் நுவரெலியாவில் புல்லில் உறைபனி படிவதும் அந்த நாட்களில்தான். மணிப்பிளான்ட் பசிபிக் கடலில் தாஹிட்டிக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவின் செடி. 15 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் சராசரி வெப்பமே ஏறக்குறைய 16 பாகைதான். குளிரில் தூங்கும் செடியின் வேரைக் கலைத்தால் அது எழும்பாது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி மாற்றி நடுங்கள். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் வேர் பிடித்துவிடும்.

"வளரத்தானே போகிறது" என்று பெரிய சாடியில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். கொழும்பில் அது பிழைத்துவிடலாம். மலையகத்து ஹட்டனில் ஜூன் மாதம் வெயிலைக் கண்ணால் காண்பதே அபூர்வம். வேர் எட்டாத மண்ணில் ஊறிய தண்ணீர் கிழமைக்கணக்கில் காயாது. பிறகு அடியிலிருந்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். சாடியைக் கவிழ்த்தால் வேர் கறுத்து, கூழாகி, சாக்கடை வாடை அடிக்கும். பழைய சாடியைவிட இரண்டு விரல் அகலம் கூடினால் போதும், அடியில் துளை கட்டாயம். மழைக்காலத்தில் நாள் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள். விரலை மண்ணில் குத்திப் பார்த்து, மேலே ஓர் அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் விடுங்கள்.

தேயிலை மலையில் அள்ளிய மண்ணை அப்படியே போடுவதும் வேண்டாம். சரிவில் நீர் வடியும் அந்த மண், சாடிக்குள் அடைபட்டதும் செங்கல்லாக இறுகிவிடும். மண் ஒரு பங்கு, கழுவிப் பிழிந்த தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு என்று கலந்தால் நன்றாக வரும். கொழுந்துக்குப் போடும் உரத்தில் ஒரு பிடி இருக்கிறதே என்று நட்ட அன்றே தூவவும் வேண்டாம். காயம்பட்ட வேரை அது கருக்கிவிடும். ஒரு மாதம் பொறுங்கள்.

வெட்டிய மிச்சக் கொடியை ஓடையோரம் எறிபவர்களும் உண்டு. கண்டி, கினிகத்தேனை போன்ற சற்றுச் சூடான ஊர்களில் கணுவுள்ள துண்டு எங்கே விழுந்தாலும் வேர் பிடித்து மரத்தில் ஏறும். ஏறிய பிறகு இலை முறம் அளவுக்கு விரிந்து மரத்தையே மூடிவிடும். அதன் சாறு வாயில் பட்டால் நாக்கு அரித்து எரியும் என்பதால், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்திலும் போடக்கூடாது. நான் வெயில் விழும் தகரத்தின் மேல் போட்டு, சருகாகும் வரை காய வைத்த பிறகே குப்பையில் சேர்க்கிறேன்.