குளிர் திரவ வாயுக்களை இறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் சிப்காட் ஆலைகளில் நிற்கும் நைட்ரஜன் டேங்கும், பெரிய மருத்துவமனை வளாகத்தில் வெள்ளைத் தூணாக நிற்கும் ஆக்சிஜன் டேங்கும், சினை ஊசி போட வருபவர் உறைவிந்துக் குச்சிகளைக் கொண்டுவரும் சிறிய நைட்ரஜன் கேனும் அடிப்படையில் ஒன்றுதான்: மூன்றிலும் இருப்பது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயு. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும், திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கொதிக்கின்றன. ஆகவே ஓசூரின் மார்கழிக் குளிர்கூட இவற்றுக்கு அடுப்புத்தான். இந்தத் திரவங்கள் எப்போதும் கொதிநிலையின் விளிம்பிலேயே இருக்கின்றன என்பதை மறப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

பம்ப் என்றதும் நம் பக்கத்தில் கிணற்று மோட்டார்தான் நினைவுக்கு வரும். அதில் பழகிய கை நேராக ஸ்விட்சுக்குப் போகும். இங்கே அதுவே முதல் தவறு. வெயிலில் காய்ந்து கிடந்த பம்புக்குள் நுழையும் திரவம் உடனே ஆவியாகிவிடுவதால், பம்ப் திரவத்துக்குப் பதிலாக வாயுவையே சுற்றிக்கொண்டிருக்கும். அழுத்தமானியின் முள் நடுங்கும். தகரப் பெட்டியில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கியது போன்ற ஓசை வரும். அப்படியே ஓடவிட்டால் சீலும் பேரிங்கும் தேய்ந்து கசியத் தொடங்கும். உறிஞ்சுகுழாயின் வால்வையும், ஆவியை டேங்குக்கே திருப்பும் வால்வையும் திறந்து வைத்து, பம்ப் முழுவதும் குளிரும்வரை தயாரிப்பாளர் கூறும் நேரம் காத்திருந்த பிறகே ஸ்விட்சைப் போட வேண்டும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. பம்ப் சரியாக இழுக்கவில்லை என்றதும், டேங்கில் அழுத்தம் கூடிவிட்டது என்று எண்ணிச் சிலர் வாயுவை வெளியே திறந்துவிடுகிறார்கள். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதால், அதுவரை அமைதியாக இருந்த திரவம் டேங்குக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கி, பம்புக்கு ஆவியே வந்து சேரும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிரானது: திரவத்தில் கொஞ்சத்தை ஆவியாக்கி டேங்குக்கே திருப்பும் ‘அழுத்தம் ஏற்றும் சுருள்’ குழாயைப் பயன்படுத்தி, அனுமதித்த அளவுக்குள் டேங்க் அழுத்தத்தைச் சற்று உயர்த்த வேண்டும்.

இறைத்து முடித்ததும் குழாயின் இரு முனை வால்வுகளையும் இறுக மூடிவிட்டு டீ குடிக்கப் போவது ஆபத்தான பழக்கம். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும். விரிய இடமில்லை என்றால் குழாய் வெடிக்கும். அதனால்தான் திரவம் அடைபடக்கூடிய ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சேஃப்டி வால்வு வைக்கப்படுகிறது. அதன் வாயில் உறைபனி கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும், ஹோஸைக் கழற்றுமுன் எஞ்சிய திரவத்தை வடித்து அழுத்தத்தை இறக்குவதும் தவறக் கூடாதவை. இதே காரணத்தால், நைட்ரஜன் கேனின் தளர்வான மூடியை, வீணாகிறதே என்று துணி சுற்றி இறுக்கவும் கூடாது.

காற்றோட்டமில்லாத அறையில் கேனை நிரப்புவதும் அதேபோல் ஆபத்தானதுதான். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்து லிட்டர் சிந்தினால் போதும், ஆக்சிஜன் அளவு 21 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும்; 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அது பாதுகாப்பான காற்று அல்ல. நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சுத் திணறும் உணர்வும் வராது. நேராக மயக்கம்தான் வரும். கண்ணுக்குத் தெரியும் வெண்புகை காற்றின் ஈரம் மட்டுமே என்பதால், புகை கலைந்த இடம் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. கண்ணாடி ஏற்றிய காரில் கேனைக் கொண்டுபோவதற்கும் இது பொருந்தும்.

ஆக்சிஜன் என்றால் எண்ணெய், கிரீஸ் படிந்த கையோ ஸ்பானரோ அருகில் வரக் கூடாது. டேங்கர் இறக்கும் இடம் தார்த்தரையாக இருக்கக் கூடாது, கான்கிரீட் வேண்டும்; திரவ ஆக்சிஜனில் ஊறிய தார் ஓர் அடி பட்டாலே வெடிக்கக்கூடும்.

கையுறை இறுக்கமாக இருந்தால், உள்ளே சிந்தியதும் உதற முடியாது. பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகினாலும் அதே கதிதான். வெளியே விட வேண்டும். தோலில் பட்டுவிட்டால் தேய்க்காமல், நெருப்பில் காட்டாமல், வெதுவெதுப்பான நீரில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட ஏற்பாடு செய்ய வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்த்தால் தோலும் கூடவே வரும்.