கல்யாணத்துக்குப் பிறகு வருமான வரி ரிட்டர்ன்: புதிதாகத் தாக்கல் செய்பவர்களுக்கு

இந்தியாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போட வழியில்லை. அவரவர் பான், அவரவர் ரிட்டர்ன். புதிய வரி முறையா, பழைய முறையா என்பதைக்கூடத் தனித்தனியாக முடிவு செய்யலாம். ஒருவர் பணம் இன்னொருவர் கணக்குக்குப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

படி 1: பெயர்

பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பானில் அப்பா பெயர் அப்படியே இருக்கலாம். மாற்றுவதாக இருந்தால், திருமணப் பதிவுச் சான்றிதழை வைத்து முதலில் ஆதார், அடுத்து பான், பிறகு வங்கிக் கணக்கு. மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இல்லாவிட்டால் வருமான வரி போர்ட்டலில் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு நடக்காமல் ரீஃபண்ட் நின்றுபோகும்.

படி 2: மொய்

மணமக்களுக்குக் கல்யாணப் பரிசாக வருவதற்கு, யார் கொடுத்தாலும் எவ்வளவு கொடுத்தாலும், வரி கிடையாது. பெற்றோருக்கு இந்தச் சலுகை இல்லை. நம் ஊரில் மொய் பெரும்பாலும் அவர்களிடம்தான் போய்ச் சேருகிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வந்தது 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி உண்டு. மொய் மணமக்களுக்குத்தான் என்றால் நோட்டின் முதல் பக்கத்தில் அவர்கள் பெயரை எழுதுங்கள், பணத்தை அவர்கள் கணக்கிலேயே கட்டுங்கள், நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே ஆளிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய அளவுக்கே அபராதம் வரும்.

படி 3: மனைவி பெயரில் போட்ட பணம்

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். கணவர் 10 லட்சத்தை மனைவிக்குப் பரிசாகக் கொடுக்கிறார், மனைவி அதை 7 சதவீத வட்டிக்கு எஃப்டி (வைப்புநிதி) போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிசுக்கு வரி இல்லை. ஆனால் ஆண்டு வட்டி 70,000 ரூபாய் கணவரின் வருமானத்தோடு சேரும். இதைத்தான் கிளப்பிங் என்கிறார்கள். மனைவி கணவருக்குக் கொடுத்தாலும் இதே கதைதான். மாமனார், மாமியார் மருமகளுக்குக் கொடுத்தால் வருமானம் கொடுத்தவர் கணக்கில் ஏறும். சொத்து கைமாறிய நாளில் அந்த உறவு இருந்திருக்க வேண்டும். தாலி கட்டுவதற்கு முன் கொடுத்ததற்கு கிளப்பிங் இல்லை. மனைவி தன் சம்பளத்தில் போட்ட எஃப்டியும் இதில் வராது.

அந்த 70,000 ரூபாயை மனைவி மறுபடி டெபாசிட் செய்து 4,900 ரூபாய் வட்டி வந்தால், அது அவருடைய சொந்த வருமானம். வட்டியைத் தனிக் கணக்கில் வைத்தால்தான் இந்தப் பிரிவினையைக் காட்ட முடியும்.

படி 4: ரிட்டர்னில் காட்டுவது

கணவர் போடும் ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-2 என்றால் 'எஸ்பிஐ' (SPI) என்ற அட்டவணையில் (வங்கி அல்ல!) மனைவியின் பெயர், பான், உறவு, தொகை ஆகியவற்றை நிரப்புங்கள். அதே வட்டியை இதர வருமானத்திலும் சேர்க்க வேண்டும். வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடித்த வரி (டிடிஎஸ்) மனைவி பானில் நிற்கும். அதைக் கணவர் பானுக்குக் காட்டும்படி மனைவி வங்கியில் உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். வரி பிடிக்க வேண்டாம் என்று மனைவி வங்கியில் படிவம் கொடுத்தால் டிடிஎஸ் மட்டும்தான் நிற்கும், கணவர் கட்ட வேண்டிய வரி நிற்காது.

படி 5: கழிவுகள்

பழைய முறையில் மட்டும்: துணைவரின் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைக் கட்டியவரே தன் வருமானத்திலிருந்து கழிக்கலாம், ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. குடியிருக்கும் வீட்டுக்கு இருவரும் உரிமையாளராகவும் கடனாளியாகவும் இருந்தால், வட்டியில் ஆளுக்கு 2 லட்சம் வரை கழிக்க முடியும். பத்திரத்தில் பெயர் இல்லாமல் கடனில் மட்டும் பெயர் இருந்தால் கழிவு கிடைக்காது.