தோட்டப்புற நகரில் இயற்பியல் சொற்பொழிவு: நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழக இயற்பியல் துறை ஒன்று, இன்றைய ஆய்வுகள் குறித்த பொதுச் சொற்பொழிவுத் தொடரைச் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகருக்குக் கொண்டுவரும்போது, பேச்சாளரின் புலமைக் குறைவால் அது கெடுவது அரிது. எதிரே அமர்ந்திருப்பவர்களைப் பற்றிய தப்புக்கணக்கே பெரும்பாலும் அதைக் கெடுக்கிறது.

முதலில் நேரம். விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களை வார நாள் இரவு 9 மணிக்கு அழைப்பதில் பயனில்லை. பிற்பகலில் வைத்தாலோ, ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் மாலை இடிமழை மண்டபத்தின் தகரக் கூரையில் கொட்டும்போது எந்த ஒலிபெருக்கியும் எடுபடாது. ஞாயிறு காலையே உகந்தது.

இதைவிடப் பெரிய தவறு உவமையில் நேர்கிறது. கருந்துளையை விளக்க வருபவர், இது ரப்பர் விளைந்த ஊர் என்ற மகிழ்ச்சியில், இழுத்துக் கட்டிய ரப்பர் விரிப்பின் நடுவே இரும்புக் குண்டை வைத்து, கோலி ஒன்று அதைச் சுற்றி ஓடுவதைக் காட்டி, காலமும் வெளியும் இணைந்த காலவெளி இப்படித்தான் வளைகிறது என்பார். கோலி ஏன் பள்ளத்தை நோக்கி உருள்கிறது? கீழே பூமி இழுப்பதால். ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கும் உவமை இது. மேலும், விரிப்பு வெளியின் வளைவை மட்டுமே காட்டுகிறது. ஐன்ஸ்டைனின் 1915ஆம் ஆண்டுப் பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி, கைநழுவிய குவளை தரையில் விழுவதற்குப் பெருங்காரணம், பூமியை நெருங்க நெருங்கக் காலம் மிக நுண்ணிய அளவில் மெதுவாக ஓடுவதாகும். விரிப்பைக் காட்டலாம், அது எங்கே பொருந்தாது என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

உள்ளூர் அனுபவத்தைத் தொட விரும்பினால் மெட்ரோலாக் இருக்கிறது. ரப்பர்ப் பாலில் மிதக்கவிட்டு, அதன் அடர்த்தியைக் கொண்டு ரப்பர் எவ்வளவு என்று கணிக்கும் கருவி அது. நுரையை வழிக்காவிட்டாலும், பால் சூடேறியிருந்தாலும் அளவு மாறும் என்பது பால் ஸ்டோரில் நின்று பழகிய முதியவருக்குத் தெரியும். அவரிடம் ‘அளவீட்டுப் பிழை’ என்பதை அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது வீண். 2015 செப்டம்பர் 14 அன்று, விண்ணிலிருந்து வரும் ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ கருவியின் 4 கிலோமீட்டர்க் கரங்களில் ஏற்பட்ட மாற்றம் புரோட்டானின் விட்டத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சுமார் 3,000 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள இரு நிலையங்களில் ஏறத்தாழ 7 மில்லிவினாடி வேறுபாட்டில் ஒரே வடிவ அதிர்வு பதிவானதால்தான் அதை வெறும் இரைச்சலென ஒதுக்க முடியவில்லை. இதை அவர் எளிதில் பற்றிக்கொள்வார்.

முடிவாகாத ஆய்வை முடிந்ததாகச் சொல்வதும் தவறு. 2011இல், ஜெனீவா அருகிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ ஆய்வகத்துக்கு 730 கிலோமீட்டர் பயணித்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முந்தியதாக அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே, சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை இணைப்பு முதன்மைக் குற்றவாளியாக அகப்பட்டது. இக்கதையின் முதற்பாதியை மட்டும் கேட்டுப்போனவர், ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைன் தோற்றார் என்றே ஊரெங்கும் சொல்வார்.

மொழியிலும் கவனம் தேவை. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப்பள்ளியின் படிவம் ஐந்து மாணவர் இயற்பியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படித்தவர். ‘ஈர்ப்பு’ என்றதும் மலாயில் ‘கிராவித்தி’ என்று ஒருமுறை சேர்த்துச் சொன்னால் போதும்.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கி முன்வரிசைப் பிரமுகர்களிடமே சுற்றி வருவது நம் ஊர்களின் பழைய வழக்கம். கூச்சப்படும் மாணவருக்காக வாசலிலேயே சீட்டும் பென்சிலும் கொடுத்து, எந்த மொழியில் எழுதினாலும் பதில் உண்டு என்பதைப் பேச்சு தொடங்குமுன் அறிவித்துவிட வேண்டும்.