அப்பாயிண்ட்மெண்ட் புக்கிங் தானாக நடக்க: சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு செய்முறை

"நாளைக்கு எப்ப வரலாம்?" "11 மணிக்கு வாங்க." "11 முடியாதே, 4 மணிக்கு?" "4 மணிக்கு ஆள் இருக்கு, 5?" ஒரே ஒரு அப்பாயிண்ட்மெண்ட்டுக்கு இத்தனை செய்திகள். முடி திருத்துபவர், இயன்முறை சிகிச்சை தருபவர், தனிப்பயிற்சி ஆசிரியர் யாராக இருந்தாலும், கையில் வேலை இருக்கும் நேரத்தில்தான் இவை வந்து குவியும். பதில் சொல்லத் தாமதமானால் வந்தவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். இந்த முன்னும் பின்னுமான பேச்சை அடியோடு ஒழிக்கலாம். என் பயிற்சி வகுப்புகளுக்கு நான் பயன்படுத்தும் முறையைத்தான் கீழே எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரிய வேண்டாம், ஒரு ஜிமெயில் கணக்கு போதும்.

எந்தக் கருவி?

நிறைய பேர் முதலில் கை வைப்பது கூகுள் ஃபார்மில்தான். வேண்டாம். ஒருவர் 10 மணியைத் தேர்ந்தெடுத்த பிறகும் அடுத்தவருக்கு அந்த 10 மணி காலியாகவே தெரியும், ஃபார்ம் அதைத் தானாக மறைக்காது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (கூகுள் கருவிகளுக்கான நிரல்) எழுதி மறைக்கலாம்தான். ஆனால் இரண்டு பேர் ஒரே நொடியில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதையும் நீங்களே யோசித்து எழுத வேண்டும். தொடங்குபவருக்கு இந்தத் தலைவலி தேவையில்லை.

நீங்கள் தருவது ஒரே வகைச் சேவை என்றால் கூகுள் காலண்டரில் உள்ள 'அப்பாயிண்ட்மெண்ட் ஷெட்யூல்' போதும். இலவசக் கணக்கில் ஒரு புக்கிங் பக்கம் கிடைக்கும், வாடிக்கையாளர் அதில் காலி நேரத்தைப் பார்த்துத் தானே பதிவு செய்துகொள்வார். அரை மணி நேர வேலை, ஒன்றரை மணி நேர வேலை என்று பல வகை இருந்தால் இதே வேலையைச் செய்யும் கால்.காம் தளத்துக்குப் போகச் சொல்வேன். தனிநபருக்கான அதன் இலவசத் திட்டத்தில் எத்தனை சேவை வகை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இதே போன்ற இன்னொரு தளமான காலெண்ட்லி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதன் இலவசத் திட்டத்தில் ஒரு வகைதான். இங்கே கூகுள் காலண்டரை வைத்து விளக்குகிறேன். மற்றவற்றிலும் இதே அமைப்புகள் வேறு பெயரில் இருக்கும்.

1. முதலில் காகிதத்தில் கணக்கு

கணினியைத் தொடும் முன் ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஆள் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும் வரை ஒரு கணக்கு. சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தயாராவது தனிக் கணக்கு. முதலாவது 'கால அளவு', இரண்டாவது 'பஃபர்'.

காலை 9 முதல் 1 மணி வரை வேலை என்று வைத்துக்கொள்வோம். கால அளவு 45 நிமிடம், பஃபர் 15 என்றால் 9, 10, 11, 12 என நான்கு பேரைப் பார்க்கலாம். கால அளவை 50 ஆக்கிப் பாருங்கள்: 9:00, 10:05, 11:10. நான்காவது ஆள் 12:15க்குத் தொடங்கினால் 1:05 ஆகிவிடும், அதனால் அந்த நேரம் பட்டியலிலேயே வராது. ஐந்து நிமிடத்தில் ஒரு ஆள் போச்சு. அதற்காக நேரத்தைக் குறைத்துப் போடாதீர்கள், தாமதம் சேர்ந்து சேர்ந்து கடைசி ஆள் தலையில் விழும். 50 நிமிடம் உண்மையிலேயே தேவை என்றால் 1:15 வரை வேலை நேரத்தை நீட்டுங்கள்.

2. பக்கத்தை உருவாக்குவது

கணினியில் காலண்டரைத் திறந்து, 'கிரியேட்' பொத்தானில் 'அப்பாயிண்ட்மெண்ட் ஷெட்யூல்' தேர்ந்தெடுங்கள். தலைப்பு, கால அளவு, வார நாட்களில் உங்கள் நேரம், பஃபர் எல்லாவற்றையும் நிரப்புங்கள். மதிய இடைவேளைக்கு ஒரே நாளில் இரண்டு நேரப் பகுதிகள் கொடுக்கலாம்.

'ஷெட்யூலிங் விண்டோ' என்ற இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். எத்தனை நாள் முன்பிருந்து, கடைசியாக எத்தனை மணி நேரம் முன்பு வரை பதிவு செய்யலாம் என்பது இங்கேதான் இருக்கிறது. என் பரிந்துரை: அதிகபட்சம் 3 வாரம், குறைந்தபட்சம் 4 மணி நேரம். ரொம்ப முன்கூட்டியே பதிவு செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ரொம்பக் கிட்டத்தில் பதிவு செய்தால் உங்களுக்கே தெரியாமல் ஆள் வாசலில் நிற்பார்.

பதிவுப் படிவத்தில் பெயரும் மின்னஞ்சலும் ஏற்கெனவே இருக்கும். தொலைபேசி எண்ணைச் சேர்த்து, கட்டாயம் என்று குறியுங்கள். வேறு கேள்வி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் சிலர் பாதியிலேயே வெளியேறுவார்கள்.

3. விடுமுறை நாள்: கவனமாகப் படியுங்கள்

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. காலண்டரில் 'விடுமுறை' என்று ஒரு முழுநாள் நிகழ்வு போட்டாயிற்று. ஆனாலும் அந்த நாளில் புக்கிங் வந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

காலண்டரில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் 'பிஸி' அல்லது 'ஃப்ரீ' என்று ஒரு குறி உண்டு. பிஸி என்று இருக்கும் நேரத்தை மட்டும்தான் புக்கிங் பக்கம் மறைக்கும். மணி குறித்துப் போடும் நிகழ்வுகள் தானாகவே பிஸி ஆகிவிடும். முழுநாள் நிகழ்வுகள் தானாக 'ஃப்ரீ' என்று பதிவாகும். பிறந்தநாள் போன்றவற்றைக் குறித்து வைக்க அது வசதி, விடுமுறைக்கு அது வினை. நிகழ்வைத் திறந்து 'ஃப்ரீ' என்பதை 'பிஸி' ஆக்கிச் சேமியுங்கள். அப்புறம் புக்கிங் பக்கத்தைத் திறந்து அந்த நாள் மறைந்ததா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம்: தொலைபேசியில் யாராவது நேரம் கேட்டால் "சரி வாங்க" என்று சொல்லி நோட்டில் எழுதி வைக்காதீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே காலண்டரில் போடுங்கள். நோட்டு ஒரு பக்கம், காலண்டர் ஒரு பக்கம் என்று இருந்தால் ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பது நிச்சயம். எந்தச் செயலியாலும் அதைத் தடுக்க முடியாது.

4. சோதனை

பிரவுசரில் இன்காக்னிட்டோ சாளரம் (உங்கள் கணக்கில் நுழையாத சாளரம்) திறந்து வாடிக்கையாளராக ஒரு பதிவு செய்யுங்கள். உறுதி மின்னஞ்சல் வருகிறதா, அதிலிருந்து ரத்து செய்ய முடிகிறதா, ரத்தான நேரம் மறுபடி காலியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். காலண்டர் அமைப்பில் நேர மண்டலமும் சரியாக இருக்கட்டும்.

5. வாட்ஸ்அப்பில் இணைப்பு

வாடிக்கையாளர்கள் இருக்கும் இடம் வாட்ஸ்அப்தான், அதனால் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் தானாகப் போகும் வாழ்த்துச் செய்தியை இயக்கி, அதில் புக்கிங் இணைப்பைப் போடுங்கள். நீளமாக எழுத வேண்டாம். "வணக்கம். காலியாக உள்ள நேரத்தை இங்கே பார்த்து நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்" போதும்.

பின்சேர்க்கை

"பழைய வாடிக்கையாளர்களுக்கு இணைப்பு போகவில்லை" என்று சிலர் எழுதியிருந்தார்கள். வாழ்த்துச் செய்தி முதல்முறை எழுதுபவருக்கும், 14 நாட்கள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் மட்டும்தான் போகும். மற்றவர்களுக்கு 'குயிக் ரிப்ளை' (முன்பே எழுதிச் சேமித்த பதில்) ஒன்று செய்து வையுங்கள். சாய்கோடு போட்டுக் குறுஞ்சொல்லைத் தட்டினால் முழுச் செய்தியும் வந்துவிடும்.

நினைவூட்டல் பற்றியும் கேட்டார்கள். கூகுளில் தானாகப் போகும் நினைவூட்டல் மின்னஞ்சல் கட்டணத் திட்டத்தில்தான் உண்டு. நான் அதற்குப் பணம் கட்டவில்லை. தினமும் மாலை மறுநாள் பட்டியலைத் திறந்து, இன்னொரு குயிக் ரிப்ளையை ஒவ்வொருவருக்கும் அனுப்புகிறேன். மின்னஞ்சலைப் பார்க்காதவர்கள்கூட வாட்ஸ்அப்பைப் பார்க்கிறார்கள், வர முடியாது என்றால் அப்போதே சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடத்துக்கு மேலே சொன்ன அமைப்பு அப்படியே பொருந்தாது. ஒரு நேரத்துக்கு ஒரு பதிவு வந்ததும் பக்கம் அதை மூடிவிடும், இரண்டாவது ஆள் சும்மா இருப்பார். ஆளுக்கொரு கூகுள் கணக்கும் ஆளுக்கொரு பக்கமும் வைத்து, வாழ்த்துச் செய்தியில் இரண்டு இணைப்பையும் பெயரோடு கொடுங்கள். இருவரும் ஒரே அறையையோ ஒரே கருவியையோ பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் இது உதவாது. அப்போது இருவருக்கும் பொதுவாக ஒரே பக்கத்தை வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.