பிள்ளைகளோடு ஊழியத்துக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பி, இரண்டு பிள்ளைகளோடு தான்சானியாவில் ஆறு வருஷம் ஊழியம் செய்தோம்.

முதலில் அங்கே பேசும் சுவாஹிலி மொழியைப் படியுங்கள், பிரசங்கத்துக்கு அல்ல, சந்தைக்கு. அங்கே மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், காலை 7 மணி என்றால் 'சா மோஜா', அதாவது ஒரு மணி. இது தெரியாமல் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு ஆறு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன். பெரியவர்களைக் கண்டால் பிள்ளைகள் 'ஷிகமோ' சொல்லட்டும், தெருவே சொந்தமாகிவிடும். புளியை மூட்டை கட்டாதீர்கள், 'உக்வாஜு' என்று கேட்டால் கிடைக்கும்.

அப்புறம், ஊருக்குப் போன் பேச நேரம் குறித்துவிடுங்கள். நம்மூர் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அங்கே ஒன்பதுக்குக் கூப்பிட்டால் இங்கே ஆயா தூங்கியிருப்பார். லீவில் வந்தபோது சின்னவள் ஆயாவிடம் சுவாஹிலியில் தண்ணீர் கேட்டாள். ஆயா அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. அதனால் வீட்டுக்குள் தமிழ்தான், இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், எப்போது கிளம்ப வேண்டிவரும் என்று தெரியாது. 1740இல் கடலூருக்கு வந்த சுவீடன் மிஷனரி கீர்நாண்டர், 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.