கடலடி அளவீடுகளுக்குப் பெயரிடுவது எப்படி: ஆழத்துக்கு முன் முகவரி

கடல் தரைக்குக் கீழிருந்து எடுத்த எந்த அளவீட்டுக்கும் ஆழத்தை எழுதுவதற்கு முன், அது எந்தக் கோரில் (துளையிட்டு எடுத்த உருளை வடிவ வண்டல் மாதிரியில்) எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதிவிடுங்கள். ஆழம் கணக்கிட்டுப் பெறும் எண். கணக்கு முறை மாறினால் அதுவும் மாறும். மாதிரியின் முகவரி மாறாது.

சர்வதேசப் பெருங்கடல் கண்டறிதல் திட்டத்தின் பெயர்முறையையே பின்பற்றலாம். 2014-15இல் வங்காள விரிகுடாவிலும் அந்தமான் கடலிலும் துளையிட்ட அதன் 353ஆம் பயணத்தின் மாதிரி ஒன்று ‘353-யூ1446ஏ-10எச்-3, 45–47 செ.மீ.’ என்ற பெயரைப் பெற்றால், பயணம், தளம், அத்தளத்தின் முதல் துளை, பத்தாவது கோர், உந்துகோரர் என்ற கருவி வகை, மூன்றாவது துண்டு, அத்துண்டின் மேல்முனையிலிருந்து தொலைவு ஆகிய எல்லாமே அதில் அடங்கிவிடும்.

அடுத்தது ஆழம். அந்தக் கோர் கடல் தரைக்குக் கீழே 85.5 மீட்டரில் தொடங்கியது, அதை வெட்டிய ஒவ்வொரு துண்டும் 1.5 மீட்டர் என்று கொண்டால், மாதிரியின் ஆழம் 85.5 + 3.0 + 0.45 = 88.95 மீட்டர். இது சிஎஸ்எஃப்-ஏ, அதாவது கடல் தரைக்குக் கீழ்க் கோர் ஆழத்தைக் கணக்கிடும் ‘ஏ’ முறை. ஆனால் அழுத்தம் குறைந்ததும் வண்டல் விரிவதால், 9.5 மீட்டர் துளைத்த இடத்தில் 9.8 மீட்டர் கோர் கிடைப்பதுண்டு. அப்போது 95.1 மீட்டர் என்ற ஒரே ஆழம் பத்தாவது கோரின் அடியையும் பதினொன்றாவது கோரின் தலையையும் ஒருசேரக் குறிக்கும். விரிந்த கோரைத் துளைத்த நீளத்துக்குள் சுருக்கிக் கணக்கிடும் சிஎஸ்எஃப்-பி முறையில் நம் மாதிரி 88.84 மீட்டரில் வந்து நிற்கும். ஆகவே தரவு அட்டவணையில் ‘ஆழம்’ என்று மட்டும் தலைப்பிட்ட பத்தி (நெடுவரிசை) போதாது; முறையின் பெயரும் அலகும் தலைப்பிலேயே இருக்க வேண்டும். பல துளைகளின் கோர்களை ஒப்பிட்டு இணைத்த சிசிஎஸ்எஃப் ஆழத்துக்குத் தனிப் பத்தி கொடுங்கள்.

அளவீட்டின் பெயரிலும் இதே கவனம் வேண்டும். ‘காந்த ஏற்புத்திறன்’ (வண்டல் எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்ற அளவு) என்று மட்டும் எழுதினால், முழுக்கோரை வளைய உணரிக்குள் செலுத்தி அளந்ததா, பிளந்த முகத்தில் புள்ளி உணரியை வைத்து அளந்ததா என்பது தெரியாமல் போகும். வளைய உணரி தருவது பெரும்பாலும் கருவி அலகு. திருத்தம் செய்யாமல் அதை எஸ்ஐ அலகு என்று எழுதுவது பிழை.

பழைய தரவில் ‘எம்பிஎஸ்எஃப்’, அதாவது கடல் தரைக்குக் கீழ் மீட்டர், என்றிருந்தால் அந்தப் பத்தியைத் தொடாமல் அப்படியே வைத்து, புதிய முறை ஆழத்தைப் பக்கத்தில் சேருங்கள்.